ஏரிக்கரையில் ஓர் இரவு: வசதி குறையலாம், பொறுப்பு குறையலாமா?



நம்ம ஊர் பேரிலேயே சாவடி இருக்கு. பெரிய முதலியார்சாவடி, பக்கத்திலேயே சின்ன முதலியார்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். அந்தக் காலத்தில் நடந்து வந்தவர்களும் மாட்டு வண்டியில் வந்தவர்களும் சாவடியில் தங்கினார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள், ஆரோவிலைப் பார்க்கிறார்கள். சிலர் இன்னும் வடக்கே போய் கழுவேலி ஏரியில் பறவை பார்க்கிறார்கள். கரையில் ஒரு கூடாரம் போட்டு, ராத்திரி தங்கி, விடியற்காலையில் பறவை பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு.

இதைப் பார்த்த நம் உறுப்பினர்கள் சிலர் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். "அக்கா, நாலு டென்ட் வாங்கிப் போட்டா நமக்கும் வருமானம் வருமே. சங்கத்துல நாற்பதாயிரம் கடன் கொடுப்பீங்களா?"

நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பறவைகள் வந்து சேர்வதும் அந்த மாதங்களில்தான். கையில் காசு இல்லாத நேரத்தில் ஒரு புது வருமானம் வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். பணம் போடுவதற்கு முன்னால் நாமே ஒரு இரவு தங்கிப் பார்ப்போம். மற்றவர்களைத் தங்க வைக்கும் இடத்தில் முதலில் நாம் தூங்கிப் பார்க்க வேண்டாமா?

அந்த இரவில் கற்றுக்கொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஏரியைப் பற்றி

கழுவேலி நம் விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் ஆழம் குறைந்த ஏரி. மழை நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடு சேர்கிறது. கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும். பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் என்று பலவகைப் பறவைகள் இங்கே வருகின்றன. அவற்றில் பல குளிர்காலத்தில் வெகு தூரத்து வடநாடுகளிலிருந்து பறந்து வருபவை.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

இது நமக்குப் பெருமை. அதோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. சரணாலயத்துக்குள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய்த் தங்கக் கூடாது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும் குற்றம். "எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதான் மாடு மேய்ச்சோம்" என்று சொல்லி கரையில் டென்ட் போட முடியாது. அதனால் நாங்கள் எல்லைக்கு வெளியே, ஒரு உறுப்பினரின் அண்ணனுக்குச் சொந்தமான பட்டா நிலத்தில், அவரிடம் சொல்லிவிட்டுத் தங்கினோம்.

அந்த இரவு

பொங்கல் முடிந்த ஒரு சனிக்கிழமை. ஒன்பது பேர் போனோம். இரவல் வாங்கிய இரண்டு டென்ட், ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர், பாய், போர்வை. வீட்டில் அனுமதி வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது. "பொம்பளைங்க ஏரிக்கரையில போய் படுக்கறதா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பிரதிநிதியும் ஊக்குநரும் நேரில் போய்ப் பேசிய பிறகுதான் அந்தச் சகோதரி வர முடிந்தது.

சாயங்காலம் அழகாகத்தான் இருந்தது. சூரியன் இறங்கும்போது பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். பாட்டும் சிரிப்புமாக இருந்தோம்.

இருட்டிய பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. எட்டு மணிக்கே ஒரு குடம் தண்ணீர் காலி. பாத்திரம் கழுவியதிலேயே போய்விட்டது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. கழிப்பறை என்று தூரத்தில் ஒரு குழி வெட்டி, கீற்றுத் தட்டி கட்டியிருந்தோம். அங்கே போக வெளிச்சம் இல்லை. ஒரு சகோதரி மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. "ராத்திரி எழுந்து போக பயமா இருந்துச்சு, அதான் குடிக்கல" என்றார். நடு இரவில் காற்று மாறி ஒரு டென்டின் முளை பிடுங்கிக்கொண்டது. விடிகாலை பனியில் துணியெல்லாம் ஈரம். பல பேருக்குத் தூக்கமே இல்லை.

ஆனால் விடிந்தபோது ஏரி முழுக்கப் பறவைகள். அந்தக் காட்சியைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வருவார்கள் என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். கட்டில் இல்லை, மின்விசிறி இல்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம், பாதுகாப்பு இந்த நாலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். எளிமையான முகாம் என்றால் அலங்காரம் குறையலாம். இந்த நாலும் குறையக் கூடாது.

பாடம் 1: தண்ணீர்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கை கால் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறைந்த அளவு இது. ஒன்பது பேருக்கு 135 லிட்டர். நாங்கள் கொண்டுபோனது இரண்டு குடம். எவ்வளவு பெரிய தப்பு பாருங்கள்.

குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் உப்பு போகாது. கழுவேலி ஓரத்தில் கரிக்கும் கிணற்று நீரைக் கழுவ வைத்துக்கொள்ளலாம். குடிநீர் வெளியிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

பாடம் 2: கழிப்பறை

இதை வெட்கப்பட்டு ஒதுக்காமல் பேச வேண்டும். சிறுநீரை அடக்குவதும், பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர்த்தாரையில் தொற்று வரக் காரணமாகும். மாதவிலக்கு நாளில் வரும் பெண்ணுக்கு இன்னும் சிரமம்.

நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். சாதாரணக் குழி வெட்டினால் மலம் நேராகத் தண்ணீரில் கலக்கும். குழிக்கும் கிணறு அல்லது ஏரிக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு நம் கரையோரத்தில் இது நடக்காத காரியம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறி காவிரிக் கரை ஊர். அங்கே ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சூழல் காப்புக் கழிப்பறைகளைக் கட்டிக் காட்டியது. தரைக்கு மேலே இரண்டு அறை. மலம் ஒரு அறையில், சிறுநீர் தனிக் குழாயில். ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். ஒரு அறை நிறைந்தால் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய அறையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் விட்டால் மக்கி உரமாகிறது. தண்ணீர் கெடுவதில்லை. இந்தப் பணியைச் செய்த ஸ்கோப் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எந்த மாதிரிக் கழிப்பறை ஆனாலும் உள்ளே தாழ்ப்பாள், வழி நெடுக வெளிச்சம், வாளியில் தண்ணீர், சோப்பு, நாப்கின் போட மூடி உள்ள டப்பா இவை இருக்க வேண்டும்.

பாடம் 3: பாம்பும் இரவும்

நம்மிடம் இருக்கும் கொடிய பாம்புகள் முக்கியமாக நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, இமை தானாக மூடிக்கொள்வது என்று ஆரம்பித்தால் "சாப்பாடு ஒத்துக்கல" என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

தடுக்க என்ன செய்யலாம்? டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வைக்க வேண்டும். வெட்டவெளியில் படுத்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். டார்ச் இல்லாமல் ஒரு அடி கூட நடக்கக் கூடாது. செருப்பை உதறிப் போட வேண்டும். மிச்சச் சோற்றைக் கொட்டி வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் நம் இருளர் மக்கள் முக்கியமானவர்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

முகாமில் தங்கும் இரவில் ஒரு வண்டியும் ஓட்டத் தெரிந்த ஒருவரும் அங்கேயே இருக்க வேண்டும். செல்போனுக்கு டவர் கிடைக்கிறதா என்று பகலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடம் 4: நெருப்பும் காற்றும்

பனை, தென்னை மரத்தடியில் டென்ட் போடாதீர்கள். மட்டையோ காயோ விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தாழ்வான இடத்திலும் வேண்டாம். ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கும்.

குளிராக இருக்கிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்டுக்குள் வைக்கவே கூடாது. மூடிய இடத்தில் அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொசுவர்த்தியும் உள்ளே வேண்டாம், நைலான் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். சமையல் டென்டுக்குத் தள்ளி, காற்று அடிக்கும் திசை பார்த்து நடக்கட்டும். முடிந்ததும் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே படுக்கப் போக வேண்டும்.

தீ என்ன செய்யும் என்பதைத் தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். 2021 ஜனவரியில் கேரளா வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. நம் கரையில் யானை இல்லை. ஆனால் தங்க வைப்பவர் முன்யோசனையோடு இருக்க வேண்டும் என்ற பாடம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அதேபோல் புயல் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு மறக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவுத் தங்கல் கூடாது என்பது எங்கள் கருத்து. ஜனவரி, பிப்ரவரிதான் பாதுகாப்பான காலம்.

பாடம் 5: ஏரி நம் விருந்தாளிகளுக்கு மட்டும் சொந்தமல்ல

பறவைகள் ராத்திரியில் ஓய்வெடுக்கும், இரையும் தேடும். பாட்டுப் பெட்டி சத்தமும் பளிச்சென்ற விளக்கும் அவற்றை விரட்டிவிடும். பறவை போய்விட்டால் பார்க்க வருகிறவரும் வரமாட்டார். சாராய பாட்டில், பிளாஸ்டிக் தட்டு கரையில் கிடந்தால் மாட்டுக்கும் கேடு, மீனவருக்கும் கேடு. வாழை இலை, தையல் இலை, எவர்சில்வர் டம்ளர் போதும். மது கூடாது என்பதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

பாடம் 6: கணக்கு

இனி கடன் கேள்விக்கு வருவோம். கீழே உள்ளது ஒரு உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நாலு டென்ட், எட்டு பேர். இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் சேர்த்து ஒருவருக்கு 700 ரூபாய் என்றால் வரவு 5,600.

செலவு: மளிகை, காய்கறி 1,600. தண்ணீர், கேஸ் 500. டென்ட் வாடகை 800. விளக்கு, சோப்பு, சில்லறை 200. இரவு முழுக்க வேலை பார்க்கும் ஐந்து பேருக்குத் தலா 400 கூலி 2,000. மொத்தம் 5,100. மீதி 500.

நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் வரவு 2,800. மளிகை 800, தண்ணீர், கேஸ் 400, வாடகை 400, சில்லறை 200. காவலுக்கும் சமையலுக்கும் ஆள் குறைக்க முடியாது, கூலி 2,000. மொத்தம் 3,800. நஷ்டம் 1,000.

"கூலியை ஏன் எழுதணும், நாமதானே செய்யறோம்?" என்று ஒரு சகோதரி கேட்டார். அப்படி எழுதாமல் விட்டால் நம் உழைப்புக்கு விலையே இல்லை என்று நாமே சொல்வதாகும். மறுநாள் தூக்கம் கெட்டு நூறு நாள் வேலைக்கும் போக முடியாமல் இருந்தால் அந்த இழப்பை யார் கொடுப்பது?

ஒரு பருவத்தில் பத்து இரவு முழுதாக நிரம்பினாலும் மீதி 5,000தான். அதை வைத்து நாற்பதாயிரம் கடனும் வட்டியும் எப்போது கட்டி முடிப்பது?

நாங்கள் எடுத்த முடிவு

கோயம்புத்தூர் மாவட்டத்தில் காரமடைக்கு அப்பால் பரளிக்காடு என்று ஒரு இடம் இருக்கிறது. பில்லூர் அணை நீர்த்தேக்கத்தின் கரை. வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்கள்தான் வர முடியும். ஆண்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பெரிய கட்டடம் எதுவும் வைத்து அது பேர் வாங்கவில்லை. மரத்தடியும் தண்ணீரும் நல்ல சாப்பாடும்தான்.

அதைப் பார்த்து நாங்களும் சமையலில் ஆரம்பிப்பது என்று தீர்மானம் போட்டோம். பறவை பார்க்க வரும் குழுக்களுக்கு முன்பதிவு பேரில் மதியச் சாப்பாடு. 20 பேருக்குத் தலா 150 என்றால் 3,000. பொருள் 1,600, கேஸ், தண்ணீர் 200, மூன்று பேர் கூலி 900 போக மீதி 300. லாபம் சின்னதுதான். ஆனால் கடன் வாங்க வேண்டாம், சாயங்காலம் வீடு திரும்பலாம், ஆள் குறைந்தாலும் பெரிய அடி விழாது.

டென்ட் கேட்ட சகோதரிகளுக்கு மனக்கஷ்டம்தான். "இப்படியே பயந்தா எப்ப முன்னேறறது?" என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் கதவை அடைக்கவில்லை. ஒரு பருவம் சாப்பாடு நடத்தி, கணக்கு எழுதி, அதில் வரும் மீதியில் முதலில் ஒரு நல்ல கழிப்பறை கட்டுவோம். பிறகு வாடகை டென்டில் இரண்டு மூன்று இரவு நடத்திப் பார்ப்போம். அப்போதும் நிரம்பினால் கடன் பற்றிப் பேசுவோம் என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம்.

ஆரம்பிக்கும் முன் போக வேண்டிய இடங்கள்: ஊராட்சி மன்றம், வனச்சரக அலுவலகம், மாவட்டச் சுற்றுலா அலுவலகம், உணவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள். கொடுக்கும் மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? அவர்களுக்கு என்ன தேவைப்படுகிறது?

2. பத்து பேர் ஒரு இரவு தங்கினால் எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? அது எங்கிருந்து வரும்?

3. உங்கள் ஊரில் பாம்பு கடித்தால் முதலில் எங்கே கொண்டுபோகிறார்கள்? விஷமுறிவு ஊசி இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது?

4. இப்போது நடத்தும் தொழிலில் உங்கள் கூலியைச் செலவில் எழுதுகிறீர்களா? எழுதினால் லாபம் எவ்வளவு மாறுகிறது?

சகோதரிகளே, வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த ஊர் நம் ஊர். மறுபடியும் இடம் கொடுப்போம். ஆனால் நம் வீட்டுப் பெண் பிள்ளை பயமில்லாமல் ராத்திரி எழுந்து போய்வரக்கூடிய இடமாக அது ஆன பிறகு கொடுப்போம். உங்கள் குழுவில் பேசியதை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவாருங்கள்.